பட்டியலில் நான் வாசிக்காமல் விட்ட ஊர்

டெக்ஸஸில், டாலஸை ஒட்டிய இர்விங்கில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டின் ஜன்னலில் இருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம் தெரியும். அதற்கு அப்பால் வெயிலில் வெளுத்துப்போன புல்வெளி, அதற்கும் அப்பால் வானம். அவ்வளவுதான். ஆனால் எண்பதுகளின் நடுவில் இரண்டு வருடம் நான் அங்கே வாழவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. மேற்கு சைபீரியாவில் நிலக்கரி எடுக்கும் பகுதியில், நான் இன்றுவரை கால் வைக்காத ஒரு வட்டத்தில் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

சென்னையில் கல்லூரி முடித்த கையோடு ரஷ்ய மொழி மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். ஒரு தோழி சேர்ந்தாள் என்பதற்காகச் சேர்ந்தது. அவள் இரண்டே மாதத்தில் கல்யாணமாகிப் போய்விட்டாள்; நான் மூன்று வருடம் படித்தேன். அதை வைத்து என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது, வீட்டிலும் யாருக்கும் தெரியாது. பிறகு எனக்கும் கல்யாணம், டெக்ஸஸ், ஒரு பெண் குழந்தை. என் கணவருக்குத் தொலைபேசிக் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை. குழந்தைக்கு மூன்று வயதானபோது, உள்ளூர்ப் பேப்பரில் ரஷ்ய மொழி தெரிந்தவர் தேவை என்று ஒரு விளம்பரம் வந்தது. அதைக் கணவரிடம் காட்டினேன்.

"ரஷ்யனா? டெக்ஸஸ்லயா?" என்று சிரித்தார். "அப்ளை பண்ணிப் பாரேன். காம்படிஷனே இருக்காது."

உண்மையில் விண்ணப்பித்தது நான் ஒருத்திதான்.

அலுவலகத்தில் என்னையும் சேர்த்து மூன்றே பேர். டெக்ஸஸிலும் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி உண்டு. அதைத் தோண்டி எடுத்த பிறகு குழியை மூடி, மறுபடி புல்லும் மரமும் முளைக்க வைப்பது எப்படி என்று யோசனை சொல்வது அந்த அலுவலகத்தின் தொழில். அதன் முதலாளி ஒரு நிலவியல் நிபுணர். ஐம்பது வயதிருக்கும், எந்நேரமும் பூட்ஸோடு இருப்பார். ஏதோ மாநாட்டில் யாரோ அவருக்கு ஒரு ரஷ்ய அறிக்கையின் நகலைக் கொடுத்திருந்தார்கள். நானூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். கெமரோவோ பகுதியில் ஒரு கிராமப்புற வட்டம். நம்மூர் தாலுகா என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே சுரங்கங்கள் தின்ற நிலத்தை எப்படித் திரும்ப நிலமாக்குவது என்பதுதான் அறிக்கை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மொழிபெயர்க்க வேண்டும்.

முதல் அத்தியாயம் அந்த வட்டத்தைப் பற்றியது. படித்தபோது எனக்கு ஒன்று புரியவே இல்லை. வட்டத்தின் தலைமை அலுவலகம் ஒரு நகரத்தில் இருந்தது. அந்த நகரமோ வட்டத்தைச் சேர்ந்தது அல்ல. சுற்றிலும் கிராமங்கள், பால் பண்ணைகள், உருளைக்கிழங்கு வயல்கள், பிர்ச் மரக் காடுகள். அவை எல்லாம் வட்டம். நடுவில் புகைபோக்கிகளோடு நிற்கும் நகரம் மட்டும் தனி நிர்வாகம். தங்கள் வட்டத்து அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்த மக்கள் வட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் இர்விங்கின் வெயில் அலுவலகக் கண்ணாடியை அடித்துக்கொண்டே இருக்கும். ஏசி ஒரே சுருதியில் ஓடும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் பனியைப் பற்றி எழுதுவேன். அக்டோபரில் விழும் பனி ஏப்ரல்வரை கிடக்கும் என்று எழுதுவேன். கரித்தூள் படிந்து அந்தப் பனி சாம்பல் நிறமாகும், மேலே புதுப்பனி விழும், அதுவும் சாம்பலாகும். வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியுமாம். கண் லேசாகச் சொருகும். விழித்துப் பார்த்தால் வெளியே ஃப்ரீவேயில் கார்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். எது தூக்கத்தில் பார்த்தது, எது ஜன்னலில் பார்த்தது என்று பிரிக்க ஒரு நிமிடம் ஆகும். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதும் கை மட்டும்தான் அங்கே இருக்கும்.

அறிக்கையில் கையால் வரைந்த வரைபடம் ஒன்று இருந்தது. ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஒரே பெயரில் எப்படி ஆறு ஊர் இருக்கும்?" என்று கேட்டார். 'நெழில்' என்று ஆறு இடத்தில் எழுதியிருந்தது. எனக்கும் விளங்கவில்லை, அது ஏதோ சொல்லின் சுருக்கம் போலவும் இருந்தது. அவர் போகும் சர்ச்சில் ஒருவரின் மாமியார் ரஷ்யாவிலிருந்து வந்தவர் என்று முதலாளிக்கு ஞாபகம் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை மருமகன் அந்த அம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

அறுபதைத் தாண்டியவர். பருமனான உடம்பு, தலையில் பூப்போட்ட துணி, கண்ணில் தடித்த கண்ணாடி. அந்தக் கண்ணாடியிலும் எழுத்து தெரியாது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும் என்றார். அவருக்கு ஆங்கிலம் வராது. என் ரஷ்ய மொழியோ பாடப்புத்தக மொழி. இரண்டு வாக்கியம் பேசியதும் அவர் சிரித்துவிட்டார். ரேடியோ செய்தி மாதிரி பேசுகிறேனாம். தன்னைத் 'தியோத்யா' என்று கூப்பிடச் சொன்னார். அத்தை, சித்தி, ஆன்ட்டி எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். எங்களுக்குள் நடந்த பேச்சை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

ஆறு ஊர் விஷயத்தைக் கேட்டேன்.

"அது பேரு இல்லம்மா," என்றார். "ஆள் குடியில்லாத இடம்னு அர்த்தம். ஜனங்க போயிட்டாங்க. இது எந்த ஊர் மேப்?"

வட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவர் கையிலிருந்த டீ கப்பை மேஜையில் வைத்தார். மேஜையின் விளிம்பு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"நான் அந்த வட்டம்தான்."

அவர் பிறந்தது அங்கே அல்ல. வோல்கா நதிக்கரையில் பல தலைமுறையாக இருந்த ஜெர்மன்காரக் குடும்பம். ஜெர்மனியோடு போர் வந்ததும் அவர்களை எல்லாம் ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அப்போது பதினேழு வயது. அம்மா ரயிலிலேயே இறந்துவிட்டார். அக்காவும் இவரும் மட்டும் அந்த வட்டத்தில் ஒரு கிராமத்தில் வந்து இறங்கினார்கள். பதினாலு வருடம், மாதம் ஒருமுறை, ஊரை விட்டு ஓடிவிடவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்ததாம். அக்கா மூன்றாவது குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி வந்து இறந்தாள். ஊருக்குப் பின்னால் மேட்டில் புதைத்தார்கள். தியோத்யா அங்கேயே கல்யாணம் செய்து, மகள் பெற்று, கணவரை இழந்து, எழுபதுகளில்தான் மேற்கு ஜெர்மனிக்குப் போக அனுமதி கிடைத்து வெளியேறினார். அங்கே மகள் ஓர் அமெரிக்கச் சிப்பாயைக் கட்டிக்கொண்டாள். அவன் டெக்ஸஸ்காரன்.

அதற்குப் பிறகு செவ்வாய்தோறும் வந்தார். முதலாளிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. கஷ்டமான சொல் வந்தால் கேட்டுக்கொள்ளலாம் அல்லவா. ஆனால் நான் கேட்டதைவிட அவர் கேட்டதுதான் அதிகம். அறிக்கையை எனக்கு வாசிக்கச் சொல்வார். மண்வகைகளைப் பற்றி வரும், வாசிப்பேன். ஓடைகளின் பெயர் வரும், வாசிப்பேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "அந்த ஓடையில மே மாசம் தண்ணி முழங்கால் வரைக்கும் வரும்," என்பார். "பாலத்துல ஒரு பலகை இருக்காது. தெரிஞ்சவங்க தாண்டிருவாங்க." எனக்கும் அந்தப் பலகை இல்லாத இடம் தெரிந்துவிட்டது. இன்றைக்கு என்னை அங்கே கொண்டுபோய் விட்டாலும் தாண்டிவிடுவேன் என்று நினைக்கிறேன். ஏசியின் சத்தம்கூடக் காட்டுக்குள் காற்று போவது போலத்தான் எனக்குக் கேட்கும்.

கடைசியில் ஒரு பிற்சேர்க்கை இருந்தது. வட்டத்தின் கிராமங்கள் எழுத்து வரிசையில். ஒவ்வொன்றுக்கும் நேரே எத்தனை வீடு, என்ன முடிவு. அதை வாசிக்கும் செவ்வாய்க்கு முந்தின நாளே நான் பார்த்துவிட்டேன். அவருடைய ஊருக்கு நேரே, 'திறந்தவெளிச் சுரங்கத்துக்காக அகற்றப்படும்' என்று இருந்தது. கல்லறை மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செவ்வாய்க்கிழமை வாசித்தேன். அவருடைய ஊர் வரிசையில் நான்காவது. மூன்றாவதை வாசித்துவிட்டு ஐந்தாவதுக்குப் போய்விட்டேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. பட்டியல் முடிந்ததும் வழக்கம்போல டீ குடித்தார். மருமகன் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"எதுக்கு இதையெல்லாம் தலையில போட்டுக்கற?" என்றார். "டிரான்ஸ்லேட் பண்ணிக் குடுத்துட்டு வா. அந்த ஆன்ட்டி இனிமே அங்க திரும்பிப் போகவா போறாங்க?"

எனக்கும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் மறுநாள் மாலை குழந்தையைக் கூட்டிவரக் கீழ்வீட்டுக்குப் போனேன். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் யாழ்ப்பாணத்துப் பெண். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, கணவனோடு வந்து சேர்ந்தவள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என் மகளின் செருப்பைத் தேடி எடுத்து, மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"சொல்லிப் போடுங்கோ அக்கா. எங்கட வீடு நிக்குதோ எரிஞ்சு போச்சுதோ எண்டு ஆரும் எனக்குச் சொல்லேல்லை. நான் மனம் நோவன் எண்டு ஒளிக்கினம். ஒவ்வொரு நாளும் எனக்கு அந்த வீடு ஒருக்கா எரியுது, ஒருக்கா நிக்குது."

அடுத்த செவ்வாய் தியோத்யா வந்து உட்கார்ந்ததும், டீ கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். போன வாரம் ஓர் ஊரை வாசிக்காமல் விட்டேன். உங்கள் ஊர்.

"தெரியும்," என்றார். "மூணாவது ஊருக்கு அப்புறம் எங்க ஊர்தான் வரணும். பதினாலு வருஷம் நான் கையெழுத்துப் போட்ட பதிவேட்டுல ஊரெல்லாம் இதே வரிசைதான், எனக்கு மனப்பாடம். நீ அஞ்சாவதுக்குப் போனப்பவே புரிஞ்சுது."

"ஏன் கேக்கல?"

"உன் குரல் நடுங்குச்சு. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

அந்த வரியை இரண்டுமுறை வாசிக்கச் சொன்னார். கல்லறை மேடு பற்றி எதுவும் இல்லையா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதிக் கேப்போம்," என்றார்.

கிராம அலுவலகத்துக்கு எழுதலாமா என்று கேட்டேன். ஊரே இல்லையென்றால் கடிதம் யாருக்குப் போகும், வட்டத்து ஆபீஸுக்கு எழுது என்றார். "நகரத்துல ரெண்டாவது மாடி. அந்தப் படிக்கட்டு எனக்குத் தெரியும். ஆபீஸ் மட்டும் எங்கயும் போயிருக்காது." அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் முறை நீளமாக வந்தது. ரயிலும் அம்மாவும் எல்லாம் வந்துவிட்டது. கிழிக்கச் சொன்னார். இரண்டாம் முறை நான்கே வாக்கியம்: அக்காவின் பெயர், ஊர், இறந்த வருடம், கல்லறை என்ன ஆயிற்று. பதில் முகவரியாக என் வீட்டு முகவரியை எழுதச் சொன்னார். சோவியத் நாட்டுத் தபால்தலையோடு கடிதம் வந்தால் மருமகன் பயந்துபோவானாம்.

அந்தக் கோடையில் எண்ணெய் விலை விழுந்து டெக்ஸஸ் முழுக்க அலுவலகங்கள் மூடின. எங்களுடையதும் மூடியது. மொழிபெயர்ப்பு முடிந்திருந்தது, அதைக் கட்டி ஒரு பெட்டியில் போட்டு முதலாளி தன் காரில் எடுத்துப் போனார். செவ்வாய்க்கிழமைகள் நின்றுபோயின. நான் வீட்டில் இருந்தேன். ஜன்னலில் அதே புல்வெளி. சில மதியங்களில் அது பனி மூடிக் கிடப்பதுபோல் இருக்கும். நான் அங்கே நின்று யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன், யாரை என்று தெரியாது.

பதில் வர எட்டு மாதம் ஆயிற்று. பழுப்பு உறை. ஃபோனில் படித்துக் காட்டிவிடலாம்தான். ஆனால் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. தியோத்யா இருந்தது டாலஸுக்குக் கிழக்கே மெஸ்கீட்டில். எனக்கு லைசென்ஸ் இருந்ததே தவிர, ஃப்ரீவேயில் தனியாக ஓட்டியதில்லை. கணவர் பஸ்ஸில் போவதாகச் சொல்லிக் காரை விட்டுச் சென்றார். "வலது லேன்லயே போ. யார் ஹாரன் அடிச்சாலும் கண்டுக்காத," என்று மட்டும் சொன்னார்.

காலை பத்து மணி. இடது பக்கம் லாரிகள் மலைபோல ஓடின. பயத்தில் வலது லேனை விட்டு நகரவே இல்லை. டாலஸின் கண்ணாடிக் கட்டடங்கள் ஒருமுறை எதிரே எழுந்து, வெயிலில் பளிச்சென்று மின்னி, பின்னால் போயின. அதன் பிறகு பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. சாலை தானாக என்னைக் கொண்டு போனது. பக்கத்து சீட்டில் அந்த உறை. வெகுதூரத்தில் எங்கோ ஓடையைத் தாண்டி மேடு ஏறிக்கொண்டிருக்கிறேன் என்ற உணர்வு இறங்கும்வரை இருந்தது.

தியோத்யா சமையலறையில் எனக்காகக் காத்திருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். உறையைக் கையில் வாங்கி, தபால்தலையைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, படி என்று திருப்பிக் கொடுத்தார்.

தட்டச்சு செய்த ஐந்து வரி. கிராமத்தின் வீடுகள் இடம் மாற்றப்பட்டன. கல்லறை மேடு சுரங்கத்துக்கு ஒதுக்கிய நிலத்தின் எல்லைக்கு வெளியே அமைந்துள்ளது. அது அப்படியே உள்ளது. கீழே முத்திரை. அதற்கும் கீழே பென்சிலில், வேறு ஒரு கையெழுத்து: 'நேரில் போய்ப் பார்த்தேன். இரும்புச் சிலுவை, பெயர் தெளிவாக இருக்கிறது. சுற்றிலும் காட்டு ஸ்ட்ராபெரி நிறையப் பழுத்திருக்கிறது.'

நான் தியோத்யாவின் கையைப் பிடித்தேன். கையை உதறிவிட்டார்.

"என்ன சிலுவை?"

"இரும்பு."

"நல்லாப் பாரு. மரம்னு இருக்கும்."

"இல்ல தியோத்யா. இரும்புன்னுதான் இருக்கு."

"நான் வெச்சது மரச் சிலுவை. நான் கிளம்புறப்போ அது பாதி உளுத்துப்போச்சு. அப்ப யாரு மாத்தினது?"

அந்தப் பகல் முழுக்க நாங்கள் அதைத்தான் பேசினோம். ஊரில் இருந்த ஒவ்வொருவரையும் எடுத்து வைத்துப் பார்த்தார். பால் பண்ணைக்காரி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக் குடிகாரன். யாருக்கும் இரும்பு கிடைத்திருக்காது. சூப் கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை. திடீரென்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொல்லுப்பட்டறைக்காரன்," என்றார்.

அக்காவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவனாம். ரஷ்யன். அவளுக்கும் இஷ்டம்தான். வேண்டாம் என்று தடுத்தது இவர்தான். நம்மை மாதிரி கண்காணிப்பில் இருப்பவர்களைக் கட்டினால் அவனுக்கும் தொல்லை, கடைசியில் அவனும் நம்மை வெறுப்பான் என்று அக்காவிடம் சொன்னாராம். அதே குளிர்காலத்தில் அக்கா போய்விட்டாள். அவன் பிறகு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். இவர் அங்கே இருந்த அத்தனை வருடத்திலும் அவன் ஒருநாளும் அந்த மேட்டுப் பக்கம் வந்ததில்லை.

"என் முன்னாடி வர அவனுக்குப் பிடிக்கல," என்றார். "நான் போகட்டும்னு இருந்திருக்கான்."

அவனுக்கு ஒரு கடிதம் எழுதினோம். எந்த முகவரி என்று தெரியாமல், மாற்றி அமைத்த ஊரின் பெயரையும் அவன் பெயரையும் மட்டும் போட்டோம். இந்தத் தடவை பதில் முகவரி தன்னுடையதே இருக்கட்டும் என்றார்.

அடுத்த வருடம் கணவருக்கு வேலை மாறி நாங்கள் கலிஃபோர்னியாவில் குபெர்டினோவுக்குக் குடிவந்தோம். பெட்டிகள் பிரித்து முடியாத ஒரு சனிக்கிழமை தியோத்யாவின் மகள் ஃபோன் செய்தாள். கொல்லனின் மனைவியிடமிருந்து பதில் வந்திருக்கிறதாம். மகள் அதை மெதுவாக எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவன் இறந்துவிட்டான். சிலுவை செய்து வைத்தது அவன்தான். தியோத்யா கிளம்பிய வருடமே, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று செய்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் போய்ப் புல் வெட்டிவிட்டு வருவான். மனைவிக்கு அது தெரியும். போகும்போது அவள்தான் ரொட்டி கட்டிக் கொடுப்பாள். இப்போது அவனுக்குப் பதிலாகத் தான் போய்வருவதாக எழுதியிருந்தாள். இத்தனை வருடம் புல் வெட்டிவந்த கல்லறையில் இருப்பவள் பார்க்க எப்படி இருந்தாள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும், ஒரு படம் இருந்தால் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தாள்.

படம் எதுவும் கிடையாது. வோல்காவிலிருந்து கொண்டுவந்த படங்கள் ரயிலிலேயே தொலைந்துவிட்டன.

பின்னால் தியோத்யாவின் குரல் கேட்டது. மகள் ஃபோனை அவரிடம் கொடுத்தாள். நலம் விசாரிக்கவில்லை, ஊர் எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

"பேப்பர் இருக்கா? எழுதிக்கோ," என்றார். "என் மகளுக்கு உக்காந்து எழுதப் பொறுமை இல்ல. நீ எழுதி அங்கிருந்தே அனுப்பிடு."

ஒரு பெட்டியின் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு நிதானமாக ஆரம்பித்தார்.

"எங்க அக்கா என்னைவிட உயரம். சிரிக்கும்போது வாயைக் கையால மூடிப்பா, முன்பல்லு ஒண்ணு கொஞ்சம் கோணல். அந்தப் பல்லு அவளுக்கு அழகுதான்னு எழுது..."